தமிழ் வரிகளோடு நால்குரல் இசைத்தாள் அச்சிட வேண்டும்: மியூஸ்ஸ்கோரில் எங்கிருந்து தொடங்குவது?

பாளை_டெனர்

எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு சபையில் கொயர் நடத்துகிறேன். மொத்தம் 28 பேர், சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்று நான்கு குரல். எனக்கு முன்னால் கொயரை நடத்திய ஐயா கையால் எழுதிவைத்த தாள்களைத்தான் இன்றுவரை நகல் எடுத்துப் பாடி வருகிறோம். அழகான கையெழுத்து. ஆனால் நகலுக்கு நகல், அதற்கும் நகல் என்று எடுத்து எடுத்து நோட்டு எழுதும் ஐந்து ஸ்டாஃப் கோடுகளே பாதி மறைந்துவிட்டன. போன கிறிஸ்மஸில் ஆல்ட்டோ பாடுகிறவர்கள் ஒரே நோட்டை மூன்று விதமாகப் பாடினார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, தாளில் புள்ளி எந்தக் கோட்டில் இருக்கிறது என்றே தெரியவில்லை.

இந்த டிசம்பர் கேரல் ஆராதனைக்குள் 11 பாட்டையும் சுத்தமாக அச்சிட்டுக் கையில் கொடுக்க ஆசை. இப்போது செப்டம்பர். எனக்கு ஸ்டாஃப் நன்றாகப் படிக்க வரும், கணினியில் கடிதம் தட்டச்சு செய்யும் அளவுக்குப் பழக்கம் உண்டு, நொட்டேஷன் மென்பொருளைத் தொட்டதே இல்லை. தாள்களில் பாதி டானிக் சோல்ஃபாவில், அதாவது டோ, ரே, மி என்று ஸ்வரத்தை எழுத்தால் குறிக்கும் முறையில் இருக்கின்றன. மியூஸ்ஸ்கோர் என்ற மென்பொருளைச் சொல்கிறார்கள், அதிலேயே தொடங்கலாமா? தமிழ் வரிகள் நோட்டுக்குக் கீழே ஒழுங்காக உட்காருமா? இந்த மூன்று மாதம் போதுமா?

வயோலா_கோடம்பாக்கம்

போதும் தம்பி, தாராளமாகப் போதும். ஒலிப்பதிவுக் கூடங்களுக்குப் பல வருடம் கையால் பார்ட் எழுதிக் கொடுத்தவன் நான். பிறகுதான் கணினிக்கு வந்தேன். உன் வேலைக்கு மியூஸ்ஸ்கோர் ஸ்டூடியோ சரியாக இருக்கும். இலவசம், திறமூலம். ஒன்றை மட்டும் முதலிலேயே தெரிந்துகொள். அதே பெயரில் ஓர் இணையதளமும் இருக்கிறது, மற்றவர்கள் ஏற்றிய இசைத்தாள்களைச் சந்தா கட்டிப் பதிவிறக்கும் தளம் அது. மென்பொருள் வேறு, அந்தத் தளம் வேறு. மென்பொருளுக்கு ஒரு காசும் கட்ட வேண்டாம். பழைய கணினியாக இருந்து நான்காம் பதிப்பு ஓடவில்லை என்றால் 3.6 பதிப்பைப் போட்டுக்கொள், அதிலேயே உன் வேலை முடியும்.

இப்போது முக்கியமான விஷயம். உன் 11 பாட்டில் ஒன்றையும் முதலில் தொடாதே. நல்ல பதிப்பகம் அச்சிட்ட நால்குரல் ஞானப்பாட்டுப் புத்தகம் சபையில் ஒன்று இருக்கும். அதில் 16 பார் (நெடுக்குக் கோடுகளுக்கு நடுவிலுள்ள தாளக் கட்டம்) உள்ள ஒரு பாட்டை எடுத்து, அச்சில் எப்படி இருக்கிறதோ அப்படியே உன் திரையில் கொண்டுவா. நோட்டு மட்டும் அல்ல. தண்டு எந்தப் பக்கம் நிற்கிறது, ஒரு வரிக்கு எத்தனை பார், எண்கள் எங்கே, தலைப்புக்கும் முதல் ஸ்டாஃபுக்கும் எவ்வளவு இடம், எல்லாம். அச்சிட்டு இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார். நான் கற்றது அப்படித்தான். எந்த மெனுவில் என்ன இருக்கிறது என்று மனப்பாடம் செய்தால் ஒரு வாரத்தில் மறந்துவிடும். ஒரு நல்ல தாளைப் பார்த்து எழுதினால், தேவை வரும்போது தேடிக் கண்டுபிடித்த ஒவ்வொன்றும் கையில் நிற்கும்.

விசைகளில் ஆரம்பத்துக்கு இவ்வளவு போதும். ‘என்’ அழுத்தினால் நோட்டு எழுதும் நிலை. எண் 5 கால் நோட்டு, 4 அரைக்கால், 6 அரை, 7 முழு நோட்டு. ‘ஏ’ முதல் ‘ஜி’ வரை சுரம். 0 ரெஸ்ட், அதாவது மௌனம். மேல் அம்பு, கீழ் அம்பு அரைச்சுரம் ஏற்றும், இறக்கும். கன்ட்ரோலோடு சேர்த்து அழுத்தினால் ஒரு ஸ்தாயி. ‘எக்ஸ்’ தண்டைத் திருப்பும். மவுஸால் ஒவ்வொரு நோட்டாக வைக்காதே. முதல் இரண்டு நாள் அது சுலபம் போலத் தெரியும், பிறகு அந்தப் பழக்கத்தை விடுவது கடினம்.

லில்லி_ரொறன்ரோ

வயோலா அண்ணா சொன்னதை மதிக்கிறேன், ஆனாலும் லில்லிபாண்ட் பற்றி இங்கே யாராவது பேச வேண்டும். 1996இல் நெதர்லாந்தில் இருவர் தொடங்கிய இலவச மென்பொருள். திரையில் நோட்டை வைப்பதே இல்லை. சாதாரண உரைக்கோப்பில் எழுத்தாக எழுதுகிறோம், அது பக்கமாக அமைத்துத் தருகிறது. பழைய கையச்சுப் பதிப்புகளின் அழகைக் கணினிக்குக் கொண்டுவர வேண்டும் என்பதே அதைத் தொடங்கியவர்களின் நோக்கம். அந்தக் காலத்தில் உலோகத் தகட்டில் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாற்றி ஒவ்வொரு நோட்டாக முத்திரை அடித்து வெட்டினார்கள். அந்தக் கைகள் எவ்வளவு இடம் விட்டன என்பதை ஆராய்ந்து செய்த கருவி இது. என் மாணவர்களுக்கான பயிற்சித் தாள்கள் முழுக்க இதில்தான் செய்கிறேன். பத்து வருடத்துக்கு முன் எழுதிய கோப்பை எந்த உரைத்தொகுப்பியிலும் திறந்து இன்றும் படிக்க முடிகிறது.

வயோலா_கோடம்பாக்கம்

அம்மா, லில்லிபாண்டின் அச்சு அழகை நான் மறுக்கவே இல்லை. ஆனால் தம்பிக்கு டிசம்பர் என்று ஒரு தேதி இருக்கிறது. ஒத்திகையில் “டெனருக்கு இது எட்டவில்லை” என்று சொன்னால் அன்று இரவே மாற்ற வேண்டும். மாற்றியதை உடனே கேட்டுப் பார்க்கவும் வேண்டும். அதற்குத் திரையில் பார்த்துச் செய்யும் மென்பொருளே கைகொடுக்கும். ஆராதனை முடிந்து ஜனவரியில் லில்லிபாண்ட் படிக்கட்டும், நீங்களே சொல்லிக்கொடுங்கள்.

லில்லி_ரொறன்ரோ

சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். ஜனவரியில் வாருங்கள் பாளை_டெனர், காத்திருப்பேன்.

யாழ்_பியானோ

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். யாழ்ப்பாணத்தில் பியானோ படிப்பிக்கிறேன். பதினைந்து வருசமாகச் சேர்த்த பாடத்தாள்கள் எல்லாம் ஃபினாலே என்ற இசைத்தாள் மென்பொருளில் இருக்கின்றன. 2024 ஆகஸ்டில் ஃபினாலேயின் வளர்ச்சியை நிறுத்துவதாக அறிவித்த நாளிலிருந்து எனக்கு அந்தக் கவலைதான். என்னைப் போன்றவர்கள் என்ன செய்ய வேணும்?

வயோலா_கோடம்பாக்கம்

1988இல் வந்த மென்பொருள், ஒரு தலைமுறையே அதில் எழுதியது. உங்கள் வருத்தம் புரிகிறது. கணினி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு கோப்பையும் மியூசிக்எக்ஸ்எம்எல் என்ற, பல இசைத்தாள் மென்பொருள்களுக்கும் பொதுவான வடிவிலும் பிடிஎஃப் ஆகவும் ஏற்றுமதி செய்துவிடுங்கள். டோரிகோ, சிபேலியஸ், மியூஸ்ஸ்கோர் மூன்றும் மியூசிக்எக்ஸ்எம்எல்லைத் திறக்கும். நோட்டு, காலம், பாட்டு வரி எல்லாம் பெரும்பாலும் அப்படியே வந்துசேரும். பக்க அமைப்பு வராது, அதைத் திரும்பச் செய்ய வேண்டும். பிடிஎஃப் எதற்கு என்றால், எது எங்கே இருந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்க. இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் நிம்மதி.

பாளை_டெனர்

பத்து நாள் ஆயிற்று. ஐயா சொன்னபடி ஒரு ஞானப்பாட்டைப் பார்த்து எழுதினேன். முதல் நாள் நான்கு பார், நேற்று ஒரு மணி நேரத்தில் முழுப் பாட்டு. சோப்ரானோவையும் ஆல்ட்டோவையும் ஒரே ஸ்டாஃபில் இரண்டு ‘வாய்ஸ்’ ஆகப் பிரிப்பது பிடிபட இரண்டு நாள் பிடித்தது. கன்ட்ரோல், ஆல்ட், 2 என்று மாற்றிக்கொண்டு இரண்டாம் குரலை எழுதினால் தண்டு தானாகவே கீழே போகிறது என்று பார்த்தபோது அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் தமிழ் வரியில் மாட்டிக்கொண்டேன். தமிழ் விசைப்பலகைக்கு மாறியதும் ‘என்’, ‘ஏ’ எதுவும் வேலை செய்வதில்லை. வரியைத் தட்டும்போதும், நான் பயன்படுத்துவது ஒலிபெயர்ப்பு முறை, இடைவெளி விசையை அழுத்தினால் சொல் முடிகிறதே தவிர அடுத்த நோட்டுக்குப் போவதில்லை.

யாழ்_பியானோ

தம்பி, இதுக்கு நான் பதில் சொல்லுறன், நானும் பட்ட பாடு இது. தமிழ் விசைப்பலகை போட்டிருக்கும்போது கணினிக்குப் போவது தமிழ் எழுத்து. ஆகையால் ஆங்கில எழுத்தில் அமைந்த குறுக்குவிசை எதையும் மென்பொருள் அறியாது. நோட்டு எழுதும்போது ஆங்கிலத்துக்குத் திரும்ப வேணும். வரிகளை மென்பொருளுக்குள் தட்டவே தட்டாதீர்கள். முதலில் வேறொரு உரைக்கோப்பில் முழுப் பாட்டையும் அசை பிரித்து, சொல்லுக்குள் சிறுகோடும் சொற்களுக்கு நடுவே இடைவெளியும் போட்டு எழுதுங்கள். அதை நகலெடுத்து, முதல் நோட்டில் கன்ட்ரோல் எல் அழுத்தி, பிறகு கன்ட்ரோல் வி, கன்ட்ரோல் வி என்று அழுத்திக்கொண்டே போங்கள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஓர் அசை இறங்கி அடுத்த நோட்டுக்குத் தாவும். ஓர் அசை பல நோட்டுக்கு நீண்டால் அந்த இடத்தில் மட்டும் அடிக்கோடு.

பழைய வரிகள் பாமினி போன்ற யூனிகோடு அல்லாத எழுத்துருவில் தட்டியிருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறக்கும்போது ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும்.

பாளை_டெனர்

அக்கா, மிக்க நன்றி! அரை மணி நேரத்தில் நான்கு சரணமும் இறங்கிவிட்டன. அடுத்த சந்தேகம் அசை பிரிப்பது பற்றி. ‘அன்பு’ என்பதை ‘அ-ன்பு’ என்று பிரிப்பதா, ‘அன்-பு’ என்றா? கொயரில் இரண்டு கட்சி இருக்கிறது.

வெண்பா_விரும்பி

தமிழாசிரியர் என்ற முறையில் சொல்கிறேன், ‘அன்-பு’தான். புள்ளி எழுத்து தனக்கு முன்னால் உள்ள உயிரோடு ஒட்டி அசையை மூடும். ‘நன்-றி’, ‘கர்த்-தர்’, ‘விண்-மீன்’, எல்லாம் அப்படியே. அசையின் தொடக்கத்தில் புள்ளி எழுத்து வருவதைத் தமிழ்க் கண் ஏற்காது. பாடுகிறவர் ஒரு நொடி தயங்குவார்.

லில்லி_ரொறன்ரோ

இலக்கணம் சரி. ஆனால் பாடும்போது? ‘அன்’ என்ற அசை எட்டு நோட்டுக்கு இழுபடுகிறது என்றால், முதல் நோட்டிலேயே ‘அன்’ என்று அச்சில் பார்க்கும் பிள்ளைகள் உடனே ‘ன்’னை மூடி மூக்கால் எட்டு நோட்டும் பாடிவிடுகிறார்கள். அதனால் நான் முதல் நோட்டில் ‘அ’ என்றும் கடைசி நோட்டில் ‘ன்’ என்றும் போட்டுக் கொடுக்கிறேன்.

வெண்பா_விரும்பி

தாளில் சொல் உடையக் கூடாது என்பதே என் கருத்து. மூடாமல் இழுத்துப் பாடுவதை நடத்துநர் ஒத்திகையில் சொல்லிக்கொடுக்கலாம். அச்சில் ‘அ’ என்று தனியாக நின்றால் பொருள் தெரியாமல் பாடுவார்கள். பொருள் தெரியாமல் பாடிய தமிழ் எனக்குப் பாட்டாகவே கேட்பதில்லை. இன்னொன்று, புணர்ச்சி. ‘உம்மை அல்லாமல்’ என்று எழுதுகிறோம், ‘உம்மையல்லாமல்’ என்று பாடுகிறோம். இசைத்தாளில் ‘உம்-மை-யல்-லா-மல்’ என்று சேர்த்தே போடுங்கள். இடையில் மூச்சு எடுக்கக் கூடாது என்பது கண்ணிலேயே தெரியும்.

வயோலா_கோடம்பாக்கம்

இந்த இடத்தில் நான் வெண்பா_விரும்பி பக்கம். ‘அன்’ என்று முழு அசையாகப் போட்டு நீட்சியைக் கோட்டால் காட்டினால் எல்லாருக்கும் புரியும். மூக்கால் பாடும் பழக்கம் இருந்தால் அந்த ஒரு இடத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளட்டும்.

எழுத்தளவு பற்றியும் சொல்லிவிடுகிறேன். தமிழ் எழுத்து அகலம். ‘ணை’, ‘ஞா’ போன்றவை அரைக்கால் நோட்டுகளின் கீழ் வந்தால் பார் நீண்டுபோகும், ஒரு வரிக்கு மூன்று பார்தான் அடங்கும். ஒடுக்கமான எழுத்துரு ஒன்றைத் தேர்ந்துகொள். நோட்டோ சான்ஸ் தமிழ் குடும்பத்தில் ஒடுக்கமான வகைகளும் இருக்கின்றன. அப்புறம், இரண்டு சரணம் ஒன்றன்கீழ் ஒன்று வரும்போது மேல் வரியின் ‘பூ’, ‘சூ’ இவற்றின் கீழ்ச்சுழியும் கீழ் வரியின் புள்ளியும் முட்டும். ஸ்டைல் பகுதியில் பாட்டு வரிகளுக்கான வரி உயரத்தைக் கொஞ்சம் கூட்டு. இதை 11 கோப்பிலும் தனித்தனியாகச் செய்ய வேண்டாம். ஒரு கோப்பில் சரிசெய்து ஸ்டைலைச் சேமித்து, மற்றவற்றில் ஏற்றிக்கொள்.

பாளை_டெனர்

ஏழு பாட்டு முடிந்தது. மீதி நான்கும் சோல்ஃபா தாள்கள். அவற்றை ஸ்டாஃபுக்கு மாற்றும்போது ஒரு பாட்டு நடுவில் திடீரென்று ஸ்வரம் எல்லாம் தப்பாக ஒலிக்கிறது. ஐயா தவறாக எழுதியிருப்பார் என்று நம்ப மனம் வரவில்லை.

நாஞ்சில்_சோல்ஃபா

ஐயா சரியாகத்தான் எழுதியிருப்பார். எங்கள் அப்பா சோல்ஃபாவில்தான் எனக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்தார், ஆகவே உரிமையோடு சொல்கிறேன். ஸ்வரம் தப்பத் தொடங்கும் இடத்தில் ஓர் எழுத்துக்கு இடப்பக்க மேல்மூலையில் பொடியாக இன்னொரு எழுத்து இருக்கிறதா பாருங்கள். அது ‘பாலச் சுரம்’. அந்த இடத்தில் ‘டோ’ இடம் மாறுகிறது. பொடி எழுத்து பழைய டோவின்படி, பெரிய எழுத்து புதிய டோவின்படி, ஒலி ஒன்றுதான். அதற்குப் பிறகு வருவதை எல்லாம் புதிய டோவிலிருந்து கணக்கிட வேண்டும். பாட்டு முடிவதற்குள் இன்னொரு பாலம் போட்டுத் திரும்பியிருப்பார்.

இன்னும் இரண்டு. மைனர் பாட்டில் ‘லா’தான் ஆதாரம், டோ அல்ல. அப்புறம் டெனர், பேஸ் வரிகளை ஒரு ஸ்தாயி கீழே வைத்துப் படிக்க வேண்டும். ஸ்தாயிக் குறிகள் குறையட்டும் என்று அப்படி எழுதும் வழக்கம். இதைக் கவனிக்காமல் எழுதினால் பேஸ் ஆல்ட்டோவுக்கு மேலே ஏறி நிற்கும். ‘ஃபே’ என்று இருந்தால் ஃபா ஷார்ப், ‘டா’ என்று இருந்தால் டீ ஃபிளாட்.

பாளை_டெனர்

அண்ணே, அப்படியே இருந்தது! தாளை வெயிலில் பிடித்துப் பார்த்த பிறகுதான் அந்தப் பொடி எழுத்து தெரிந்தது. நகல் எடுத்ததில் மங்கிப்போயிருந்தது. கொயரில் வயதான நான்கு பேருக்கு ஸ்டாஃப் படிக்க வராது, சோல்ஃபாதான். அவர்களுக்காக சோல்ஃபா எழுத்துகளையும் ஒரு வரியாக நோட்டின் கீழ் போடலாமா?

நாஞ்சில்_சோல்ஃபா

கட்டாயம் போடுங்கள். அவர்களைத் தாளிலிருந்து வெளியே தள்ளிவிடாதீர்கள். இன்னொரு சரணம் போல, ஆனால் சாய்வெழுத்தில், பாட்டு வரிக்கு மேலே வருமாறு வையுங்கள்.

தம்பூரா_1904

நால்குரல் பேச்சுக்கு நடுவே ஒரு கேள்வி. கர்நாடக ஸ்வர சாகித்தியத்தையும் இதே மென்பொருளில் அச்சிட முடியுமா? கமகத்தோடு?

வயோலா_கோடம்பாக்கம்

ஸ்டாஃபில் எழுத முடியும். சென்னையில் ஏ. எம். சின்னசாமி முதலியார் 1890களிலேயே ஐரோப்பியக் குறிமுறையில் கீர்த்தனைகளை அச்சிட்டிருக்கிறார். ஆனால் உங்கள் பெயரிலேயே 1904 இருக்கிறதே, அந்த ஆண்டு எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் கமகத்துக்கென்று தனிக் குறிகளோடு ஸ்வரத்தை அச்சிட்ட முறைதான் நம் இசைக்கு நெருக்கம். அந்த மாதிரிப் பக்கத்துக்கு மியூஸ்ஸ்கோர் பொருந்தாது. ஸ்வரமும் சாகித்தியமும் தாளக் கோட்டுக்கு நேராக நிற்க, எழுத்துச் செயலியில் கோடுகள் மறைத்த அட்டவணையே மேல். இதற்குத் தனி இழை தொடங்குங்கள், நானும் வருகிறேன்.

பாளை_டெனர்

11 பாட்டும் முடிந்தது. அச்சகத்துக்குப் போகுமுன் என்ன பார்க்க வேண்டும்?

வயோலா_கோடம்பாக்கம்

இதைத்தான் எதிர்பார்த்துக் காத்திருந்தேன். நோட்டு எழுதுவது பாதி வேலை. இனிமேல்தான் பாடுகிறவரின் கண்ணுக்காகச் செய்யும் வேலை.

பக்க அமைப்பில் ‘ஸ்டாஃப் ஸ்பேஸ்’ என்று ஓர் அளவு இருக்கும். இரண்டு கோட்டுக்கு நடுவிலுள்ள இடைவெளி அது. 1.75 மி.மீ. என்றால் ஐந்து கோட்டின் உயரம் 7 மி.மீ. வயலின் வாசிப்பவருக்கு அது நல்லது, தாள் ஸ்டாண்டில் தள்ளி இருக்கிறது. கையில் பிடித்துப் பாடும் கொயருக்கு 1.5 வைத்தால், அதாவது 6 மி.மீ., போதும். அதற்குக் கீழே போகாதே. உன் குழுவில் வயதானவர்கள் இருக்கிறார்கள், கேரல் ஆராதனையில் வெளிச்சமும் குறைவு.

ஒவ்வொரு வரியும் பாட்டின் வாக்கியம் முடியும் இடத்தில் முடியட்டும். பாரைத் தேர்ந்து என்டர் அழுத்தினால் அடுத்த வரிக்குப் போகும், கன்ட்ரோல் என்டர் அடுத்த பக்கத்துக்கு. பாட்டு எடுப்போடு, அதாவது குறைப்பாரில், தொடங்கினால் சரணத்தின் ஒவ்வொரு வரியும் பாருக்கு நடுவில் முடியும். அங்கே பாரையே இரண்டாகப் பிரிக்க வேண்டியிருக்கும், செய். பக்கம் திருப்பும் இடத்தில் எந்தக் குரலும் நீண்ட நோட்டின் நடுவில் நிற்கக் கூடாது. இரண்டு பக்கப் பாட்டை இடப்பக்கத்தில் தொடங்கினால் திருப்பவே வேண்டாம். அதற்காகப் பாடல்களின் வரிசையை மாற்றினாலும் பரவாயில்லை.

பிழை பார்ப்பது. கணினியை வாசிக்கச் சொல்லிக் கேள், ஒவ்வொரு குரலாகத் தனித்தனியாக. தப்பு ஸ்வரம் காதில் படும். ஆனால் தப்பு எழுத்தும் விட்டுப்போன ஸ்லரும் (நோட்டுகளைச் சேர்க்கும் வளைகோடு) காதில் படாது. அதற்கு அச்சிட்ட தாளில், கடைசிப் பாரிலிருந்து முதல் பாருக்கு வா. பாட்டு தெரிந்தவன் முன்னிருந்து பார்த்தால் மனம் தானாகப் பாடிக்கொண்டு போய்விடும், கண் எதையும் பார்க்காது. பார் எண்ணை ஒவ்வொரு வரித் தொடக்கத்திலும் போடு, ஒத்திகையில் நேரம் மிச்சம்.

அச்சகத்தில் ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்று இருந்தால் எடுத்துவிட்டு உண்மை அளவில் அச்சிடச் சொல். இல்லையென்றால் நீ வைத்த 6 மி.மீ. 5.6 ஆகச் சுருங்கும். இரண்டு பக்கமும் அச்சிடுவதால் 70 ஜிஎஸ்எம் தாள் வேண்டாம், பின்பக்க நோட்டு தெரியும். 100 கேள். எப்போதும் பிடிஎஃப் ஆகக் கொடு, எழுத்துரு உள்ளேயே போய்விடும்.

யாழ்_பியானோ

உரிமை விசயத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள் தம்பி. பழைய மெட்டுக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் தமிழ் வரியை எழுதியவர் உயிரோடு இருந்தாலோ இறந்து 60 வருசம் ஆகாவிட்டாலோ இந்தியச் சட்டப்படி உரிமை அவர் பக்கம் அல்லது அவர் குடும்பத்தின் பக்கம்.

பாளை_டெனர்

பார்த்துவிட்டேன் அக்கா. இரண்டு பாட்டின் வரிகள் அப்படி இருந்தன. ஒருவரின் மகன் மதுரையில் இருக்கிறார், தொலைபேசியில் கேட்டதும் சந்தோஷமாகச் சம்மதித்தார், ஒரு பிரதி மட்டும் அனுப்பச் சொன்னார். மற்றதுக்குப் பதில் வரவில்லை, ஆகவே அந்தப் பாட்டை இந்த வருடம் சேர்க்கவில்லை. 10 பாட்டு, 24 பக்கம், 40 பிரதி.

நேற்று முதல் ஒத்திகை. விளக்குகளைக் குறைத்துப் பாடிப் பார்த்தோம், ஆல்ட்டோக்கள் ஒரே நோட்டைப் பாடினார்கள்! சோல்ஃபா படிக்கும் அந்த நான்கு பேரில் மூத்த அம்மா, தன் வரியைப் பார்த்துவிட்டு, “ஐயா எழுத்து மாதிரியே வரிசையா இருக்கு” என்றார்கள். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஐயா, நீங்கள் சொன்னபடி பின்னிருந்து பார்த்தும் ஒரு பிழை தப்பிவிட்டது. ஆறாம் பாட்டு, 23-ஆவது பார், பேஸில் ஒரு நேச்சுரல் குறி (ஷார்ப்பையோ ஃபிளாட்டையோ நீக்கும் குறி) விட்டுப்போயிருக்கிறது. 40 பிரதியிலும் பென்சிலால் போட்டுவிட்டோம்.

வயோலா_கோடம்பாக்கம்

கோப்பிலும் இன்றே திருத்திவிடு தம்பி. திருத்திய தேதியைக் கோப்பின் பெயரில் சேர்த்து, மியூசிக்எக்ஸ்எம்எல் ஒன்றும் எடுத்துவை. ஐயாவின் கையெழுத்துத் தாள்களைத் தூக்கி எறியாமல் நல்ல தெளிவில் ஸ்கேன் செய்து அதே கோப்புறையில் போடு. அந்தப் பொடி எழுத்துகள் இன்னொருவருக்கும் தேவைப்படும்.